பித்தளைப் பலகை பதித்த கதவு

பிரான்சில் ஒரு பழைய நகரத்தில் நானூறு வயதான மாடிவீடு ஒன்று காலியாகக் கிடந்தது. அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னமென்று அறிவித்து, வாசற்கதவில் பித்தளைப் பலகை பதித்தார்கள். அன்றிலிருந்து கதவுக்குத் தலைகால் புரியவில்லை. வீடு பார்க்க யார் வந்தாலும் நிலையோடு இறுகிக்கொண்டு, திருப்பி அனுப்பியது.

ஒரு மழைநாளில் ஒதில் என்ற பெண் இரண்டு பிள்ளைகளோடு வந்து சாவியைத் திருகினாள். கதவு அசையவில்லை.

"திறந்துவிடுங்கள் அண்ணே," என்று உள்ளிருந்து கற்படிக்கட்டு கெஞ்சியது.

"பிள்ளைகள் என்னைக் கீறிவிடும். நான் என்ன சாதாரணக் கதவா?"

"இங்கே ஆள் குடியிருந்து, குளிருக்குத் தீ மூட்டிப் பத்து வருஷமாகிறது. ஈரம் என் ஏழாம் படிவரை ஏறிவிட்டது. இன்னும் இரண்டு மழைக்குத் தாங்கமாட்டேன். நான் சரிந்துபோனால் நீங்கள் எதற்குக் காவல்?"

வெளியே ஒதில் சாவியை உருவிக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்று பிள்ளைகளிடம் சொன்னாள். அதைக் கேட்டதும் கதவு பெருமூச்சு விட்டுத் தளர்ந்தது. கீல்கள் கிறீச்சிட, தானாகவே திறந்தது. பிள்ளைகள் கூச்சல் போட்டபடி படியேறி ஓடினார்கள்.

அவர்கள் அங்கே குடியேறி ஒரு மாதம் போயிற்று. ஒரு காலையில் பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிய சற்று நேரத்தில், கதவு படிக்கட்டைக் கேட்டது:

"தம்பி, பள்ளிக்கூடம் எத்தனை மணிக்கு விடும்?"