வெறுங்கையால் தொட்டது யார்

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கே இறங்கியிருக்க வேண்டிய எண், மணி பதினொன்றாகியும் இறங்கவில்லை.

பம்பு என்னவோ ஒழுங்காகத்தான் ஓடியது. அந்த எஃகுக் கலத்துக்குள் காற்று என்று ஒரு பொட்டுக்கூட மிஞ்சக் கூடாது. அப்போதுதான் உள்ளே இருக்கும் உலோகத் தகட்டை அளக்க முடியும். ஆனால் அழுத்தத்தைக் காட்டும் திரையில் எண் குத்துக்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

அந்த ஆய்வகத்துக்குக் கோடைப் பயிற்சிக்கு வந்த இருவரில் ஒருத்தி, இயற்பியல் மூன்றாம் ஆண்டு, பேயறைந்தவள் போல அதன் முன்னால் நின்றாள். வருகிற வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் பத்து நிமிடம் பேச வேண்டும். இரண்டு மாத உழைப்புக்குக் காட்ட ஒரு வரைபடமாவது வேண்டாமா?

காரணம் அவளுக்குத் தெரியும்.

போன வியாழக்கிழமை கலத்தைத் திறந்து வைத்து வேலை செய்தபோது ஒரு பொடித் திருகு உருண்டது. கையுறையோடு அதை எடுக்க முடியவில்லை. சுற்றும் முற்றும் பார்த்தாள். கையுறையைக் கழற்றினாள். இரண்டு விரலால் எடுத்து, இருந்த இடத்தில் முடுக்கிவிட்டாள்.

அரை நிமிட வேலை. ஆனால் விரலின் எண்ணெய்ப் பிசுக்குத் துளி பட்டாலும் போதும், அது உள்ளே நாள் கணக்கில் ஆவியாகிக்கொண்டே இருக்கும், அழுத்தம் இறங்காது என்று முதல் நாளே சொல்லியிருந்தாள் அக்கா.

அக்கா என்றால் வழிகாட்டி. முனைவர் பட்டத்துக்கு ஆராய்பவள், இவர்களைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவள். ‘கையுறை, கையுறை’ என்று மூச்சுக்கு முந்நூறு தடவை சொல்வதால் அவளுக்குக் கையுறை அக்கா என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள்.

பயிற்சிக்கு வந்த இன்னொருவன், கண்ணாடிக் குடுவை இரண்டை உடைத்த புண்ணியவான். எது நின்றாலும் எல்லார் பார்வையும் முதலில் அவன் பக்கம்தான் போகும். இன்றும் போயிற்று. எதிர் மேசைக்காரர் போகிற போக்கில், “தம்பி, கையை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அவளுக்குப் பொறுக்கவில்லை. பயிற்சி முடிவில் இங்கே தரும் பரிந்துரைக் கடிதம் போனால் போகிறது; அடுத்தவன் தலையில் கட்டிவிட்டு வாங்கும் கடிதம் எதற்கு? மேற்படிப்புக்கு அந்த ஒரு கடிதத்தைத்தான் மலைபோல் நம்பியிருந்தாள் என்பது வேறு விஷயம்.

நேரே அக்காவின் அறைக்குப் போனாள்.

“அக்கா, தொட்டது நான்தான். வியாழக்கிழமை. வெறுங்கையால.”

அக்கா திட்டவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. மேசை இழுப்பறையைத் திறந்து, முதுகு பிய்ந்த ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அந்த ஆய்வகத்தில் அப்படி ஒரு வழக்கம். தப்பு செய்தவர் யாரானாலும் தம் கைப்பட எழுதி வைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் படித்துப் பிழைத்துக்கொள்வார்.

“இன்னைக்கே திறந்து துடைச்சு, ரெண்டு நாள் சூடு காட்டிப் பிசுக்கை விரட்டினா வர்ற வியாழக்கிழமை அளந்துடலாம். மொதல்ல இதுல எழுது.”

பக்கத்தைப் பிரித்தாள். இன்றைய தேதிக்குக் கீழே ஏற்கெனவே எழுதியிருந்தது.

‘வெள்ளிக்கிழமை கலத்தை மூடினேன். மூடிய பிறகுதான் பார்த்தேன், வலது கையுறையில் ஆட்காட்டி விரல் கிழிந்திருந்தது. தப்பு என்னுடையது.’ கோழிக் கிறுக்கல். குடுவைக்காரனேதான். நேரம் ஒன்பது பத்து.

அதற்கும் கீழே, முத்து முத்தாக வேறு எழுத்து.

‘சனிக்கிழமை நான் மறுபடி திறந்து சரிபார்த்தேன். நடுவில் போன் வந்தது. கையுறையைக் கழற்றிப் பேசினேன், திரும்பப் போட மறந்தேன். தப்பு என்னுடையது.’ நேரம் ஒன்பது பதினைந்து.

அவள் நிமிர்ந்தாள். சன்னலுக்கு வெளியே ஏதோ பெரிய அதிசயம் நடப்பது போல அக்கா அங்கேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தின் அடியில் ஒரே ஒரு வரிதான் மீதம் இருந்தது. பொடி எழுத்தில் எழுதினாள்.