அதே நம்பர்

"மருந்துக்கடைகளுக்குப் போன பில்லிங் சாஃப்ட்வேரோட 7.3 இன்ஸ்டாலரைப் பண்ணினது நீங்கதானே?" என்று எதிரே உட்கார்ந்திருந்தவளிடம் மேனேஜர் கேட்டார். தலைமை அலுவலகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார்.

"ஆமா சார். திங்கட்கிழமை நான் பண்ணினது நல்லாத்தான் இருந்தது. வியாழக்கிழமை யாரோ உள்ளே எதையோ மாத்திட்டு, 7.3-ங்கிற நம்பரை மட்டும் மாத்தாம அனுப்பியிருக்காங்க."

"நாற்பது கடையில கம்ப்யூட்டர் படுத்துடுச்சு. ஃபைல்ல உங்க பேர்தான் இருக்கு."

"ஒரு எழுத்து மாறினாலும் புது நம்பர் போடணும்னு இங்க விதி எழுதினதே நான்தான் சார். நானே மீறுவேனா?"

அதிகாரி நிமிர்ந்தார். "வியாழக்கிழமை உங்க லேப்டாப் எங்கே இருந்தது?"

"வீட்டுல சார். அம்மாவை ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தேன். அன்னிக்கு நான் லீவு."

"பாஸ்வேர்டு வேற யாருக்குத் தெரியும்?"

அவள் மேனேஜரைப் பார்த்தாள். அவர் தலை நிமிரவில்லை.

"யாருக்கும் தெரியாது சார்."

அவளிடம் ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதிகாரி வெளியேறினார். கதவு மூடியதும் மேனேஜர் எழுந்து வந்தார்.

"ஒரு கடைக்காரர் ஏதோ திருத்தம் கேட்டு போன் மேல போன் போட்டு உயிரை எடுத்தார். உன் லேப்டாப் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தது. சின்ன மாற்றம்தானே, இதுக்கு எதுக்குப் புது நம்பர்னு நினைச்சுட்டேன்."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

"மிச்சத்தை வீட்டுல பேசிக்கலாம்," என்றார் அவள் கணவர். "பாப்பாவை ஸ்கூல்லேர்ந்து இன்னைக்கு நீயே கூட்டிட்டுப் போயிடு. எனக்கு மீட்டிங் இருக்கு."