பசி தாங்காதவன்

"நெஞ்சுக்குள்ள குடல் ஏறிப்போச்சாம், பெரியம்மா. இப்படி எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கீங்களா?"

ஆபரேஷன் தியேட்டர் வாசலில் பக்கத்து நாற்காலியில் இருந்தவளிடம்தான் அவள் இப்படிக் கேட்டாள். முன்பின் தெரியாத ஆள். ஆனால் கணவன் ரத்தம் வாங்க ஓடியிருந்தான். பிறந்து ஒரு வாரம்கூட ஆகாத மகன் உள்ளே கிடந்தான். யாரிடமாவது பேசாவிட்டால் பைத்தியமே பிடித்துவிடும் போலிருந்தது.

"கேள்விப்படறதா? என் பையனுக்கும் இதேதான்," என்றாள் பெரியம்மா. மடியில் துணிப்பை, அதற்குள் ஒரு சாப்பாட்டு டப்பா. "நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல தடுப்பு மாதிரி இருக்கில்ல, உதரவிதானம்னு? அதுல இடது பக்கம் ஓட்டை. அதானே?"

"அதேதான்! வயித்துல இருக்கவேண்டியதெல்லாம் மேல ஏறி, இதயத்தை வலது பக்கம் தள்ளிடுச்சாம். நுரையீரல் வளர இடமே இல்லையாம். பொறந்ததும் அழக்கூட விடல. அழுதா குடல்ல காத்து போய் இன்னும் உப்பிடும்னு உடனே தொண்டையில குழாய் போட்டுட்டாங்க. என் பிள்ளை குரலை நான் இன்னும் கேக்கவே இல்ல, பெரியம்மா."

பெரியம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "எங்க காலத்துல ஸ்கேன் ஏது கண்ணு? பொறந்ததும் நீலமாயிட்டான். வயிறு ஒட்டிக் கிடக்கு, நெஞ்சு மட்டும் உப்பியிருக்கு. டாக்டர் குழலை வச்சுக் கேட்டா, இடப்பக்கம் மூச்சுக்குப் பதிலா குடல் உருளுற சத்தம்! அப்படியே துணியில சுத்தித் தூக்கிட்டு ஓடினாங்க. நான் கட்டில்ல கிடந்து கதறுறேன், கேக்க நாதி இல்ல."

'அப்புறம்?' என்று கேட்க வாயெடுத்தாள். பெரியம்மாவின் கண்கள் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் கேள்வியை விழுங்கிவிட்டாள். அவன் பிழைத்திருந்தால் என் பிள்ளையும் பிழைப்பான். இல்லையென்றால்? வேண்டாம் சாமி, எனக்குத் தெரியவே வேண்டாம்.

பேச்சை மாற்றினாள். "காலையில பெரிய டாக்டர் வந்தாரு. 'தச்சிடலாம்மா'ன்னு, என்னமோ சட்டைக்குப் பட்டன் தைக்கிற மாதிரி சொல்லிட்டுப் போறாரு. அவருக்கென்ன? நம்ம தவிப்பு அவருக்கு எங்க தெரியப்போகுது?"

பெரியம்மா டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சாப்பாடு யாருக்கு?"

"அவனுக்குத்தான். பசி தாங்க மாட்டான்."

அவளுக்குத் திக்கென்றது. தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்துபோய், தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாவிடம் மெல்ல விசாரித்தாள்.

"அந்தம்மாவா? இந்த ஆபரேஷன்னு தெரிஞ்சா போதும், டப்பாவோட வந்து உக்காந்துடும். வருஷக்கணக்கா இதே கதைதான். பாவம், பெத்த மனசு!" என்ற ஆயா, உள்ளேயிருந்து யாரோ கூப்பிடவும் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அடக் கடவுளே! இல்லாத பிள்ளைக்கா சோறு கட்டிக்கொண்டு வந்து காத்திருக்கிறாள்? எப்படியோ நாற்காலிக்குத் திரும்பி வந்தவள், பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதே விட்டாள். அந்தப் பிள்ளைக்காக அழுகிறோமா, தன் பிள்ளைக்காகவா என்று அவளுக்கே தெரியவில்லை.

கதவு திறந்தது. பெரிய டாக்டர் முகக்கவசத்தை இறக்கியபடி நேராக அவளிடம் வந்தார்.

"எல்லாத்தையும் கீழ இறக்கி, ஓட்டையைத் தச்சாச்சும்மா. நுரையீரல் விரிய இப்ப இடம் இருக்கு. கொஞ்ச நாள் ஜாக்கிரதையா பாத்துக்கணும். ஆனா பையன் கெட்டி, தேறிடுவான்."

அவள் கைகூப்பினாள்.

டாக்டர் அடுத்த நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். பெரியம்மாவின் மடியிலிருந்த பையை உரிமையோடு தன் பக்கம் இழுத்தார்.

"பசி உயிர் போகுதும்மா. நீ சாப்பிட்டியா, இல்ல வழக்கம்போல எனக்காகக் காத்துக்கிட்டே இருந்தியா?"