அதிகாரி வேஷம்

“சார், இந்த வாட்டி அதிகாரி வேஷம் நான் கட்டட்டுமா?”

எழில்மதி கேட்டதும் ஒத்திகைக் கூடமே சிரித்தது.

தீனதயாளன் சாரும் சிரித்துவிட்டார். கள்ளக்குறிச்சியில் இல்லாதப்பட்ட பிள்ளைகளுக்கு இலவசமாக நாடகம் சொல்லித்தருகிறவர் அவர். குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் ஒரு பெண் அதிகாரியைப் பற்றிய நாடகம். அந்த வேஷம் கட்டும் பிள்ளையைத்தான் சென்னையில் நாடகப் படிப்புக்குச் சிபாரிசு செய்வதாக இருந்தார்.

“ஏம்மா, ‘வூட்ல இன்னா பண்ணிக்கினு இருக்கறீங்க’ன்னா அதிகாரி கேப்பாங்க? மலைப்பேச்சு உன்ன விட்டுப் போகல. ஓரமா நின்னு அழுற அம்மா வேஷம் கட்டு. வசனம் கெடையாது, கஷ்டமில்ல.”

எழில்மதி முகம் சுண்டிப்போனது. ஆனாலும் நகரவில்லை.

“சார், நம்ம சிவரஞ்சனிக்கு வூட்ல கல்யாணம் பேசிக்கினு இருக்காங்க. பதினாறுதான் ஆவுது. நீங்க ஒரு வார்த்த…”

“ஒத்திகை நேரத்துல ஊர்க்கதை வேணாம். எடத்துக்குப் போ.”

மறுநாள் சிவரஞ்சனி வரவில்லை. எழில்மதி மறுபடி வாயெடுத்தாள்.

“ஞாயித்துக்கெழம முகூர்த்தம் சார்…”

“வசனமே இல்லாத வேஷத்துக்கு இவ்ளோ பேச்சா?”

கூடம் மறுபடி சிரித்தது.

அதற்கப்புறம் அவளும் வரவில்லை. “கேட்ட வேஷம் கெடைக்கலன்னு ரோஷம்! இதுங்களுக்கு எவ்ளோ செஞ்சாலும் அவ்ளோதான்” என்று சலித்துக்கொண்டார் சார்.

வெள்ளிக்கிழமை போன் வந்தது.

“கலெக்டர் ஆபீஸிலிருந்து பேசுகிறேன். நாடகப் பயிற்சி தீனதயாளன்தானே?”

“ஆமாங்க மேடம்.”

“உங்கள் மாணவி சிவரஞ்சனிக்கு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலையில் திருமணமாம். மேடையில் மட்டும்தான் தடுப்பீர்களா?”

“ஐயோ, இல்லீங்க மேடம்!”

“ஆசிரியர் நீங்கள்தான் புகார் கொடுக்கவேண்டும். உடனே போங்கள்.”

“இதோ கெளம்பிட்டேங்க மேடம்!”

விழுந்தடித்துக்கொண்டு ஓடிப் புகார் கொடுத்தார். போலீஸ் ஜீப்பிலேயே மலையேறினார். கல்யாணம் நின்றது. சிவரஞ்சனி ஒத்திகைக்குத் திரும்பினாள். ஊரெல்லாம் சாருக்குத்தான் பேரு.

பத்து நாள் கழித்து, அந்த மேடத்துக்கு நன்றி சொல்லலாமென்று கலெக்டர் ஆபீஸுக்குப் போனார்.

“இங்கேர்ந்து யாரும் போன் பண்ணலீங்களே. நீங்க புகார் குடுத்தப்பறந்தான் எங்களுக்கே தெரியும்” என்றார்கள்.

திரும்பி வந்து சிவரஞ்சனியைக் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“எழிலக்காதான் சார் பேசுச்சு. நான் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தேன்.”

அந்தக் குரல் சாரின் காதில் மறுபடி ஓடியது. ஒரு ‘வூடு’ இல்லை. ஒரு ‘இன்னா’ இல்லை.

“அவ எங்கேம்மா? உடனே வரச்சொல்லு. சென்னைக்கு அவ பேரத்தான்…”

“மொளகு பறிக்கக் குடகுக்குப் போயிட்ச்சு சார். போன திங்கக்கெழம கூலிக்கு ஆள் புடிக்கிற மேஸ்திரி வண்டி வந்து ஏத்திக்கினு போச்சு.”

சார் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“எங்கிட்ட நேராவே சொல்லியிருக்கலாமேம்மா.”

“ரெண்டு வாட்டி சொல்லுச்சே சார்.” சிவரஞ்சனி தயங்கினாள். “‘நான் சொன்னா சார் காதுல ஏறாது. அதிகாரி சொன்னா எழுந்து நின்னு கேப்பாரு’ன்னுச்சு.”



அந்தப் போன் வந்த அன்றைக்குத் தீனதயாளன் எழுந்துதான் நின்றிருந்தார்.