இரைச்சலுக்குள் ஒரு சிக்னல்

ஆய்வுக்கூட மேசையில், மின்னலைகளை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பின் திரை முழுக்க இரைச்சல். அதற்குள் எங்கோ ஒரு சின்னஞ்சிறு சிக்னல். அது தென்படாவிட்டால், அதை அனுப்பும் கருவியை உடைசலில் போட்டுவிடுவார்கள்.

"கொஞ்சம் உரக்கப் பேசித் தொலையேன்," என்றது ஆசிலோஸ்கோப்.

"இதுதான் அக்கா என் முழுக்குரல்," என்றது சிக்னல்.

ஆசிலோஸ்கோப் பெரிதாக்கிப் பார்த்தது. இரைச்சலும் கூடவே பெரிதாயிற்று. எல்லா அதிர்வெண்களுக்கும் ஒரே நேரத்தில் காதைத் திறந்து வைத்திருப்பதே அதன் பெருமை. இரைச்சலும் அந்த வாசல் வழியேதான் நுழைந்தது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, அதிர்வெண்களைத் தனித்தனியே பிரித்துக் காட்டும், பக்கத்திலிருந்த ஸ்பெக்ட்ரம் அனலைசரிடம் சொன்னது: "உன்னை ஆமை என்று கேலி செய்திருக்கிறேன். இருந்தாலும் இந்தக் குழந்தையின் குரலை நீ கேள்."

"ஆமைக்கு அவசரமில்லை," என்ற அனலைசர், காதை ஊசித்துளையாகச் சுருக்கிக்கொண்டு ஒவ்வோர் அதிர்வெண்ணாக நகர்ந்தது. இரைச்சல் தாழ்ந்தது. அதன் திரையில் ஓரிடத்தில் மெல்லிய கோடொன்று நிமிர்ந்தது.

"நான் தெரிகிறேனா?"

"தெரிகிறாய், கண்ணு," என்றது ஆசிலோஸ்கோப். "இனி நீ கத்த வேண்டாம்."