மச்சினன் ஓட்டிய டிராக்டர்

"அவன் கை பட்டதும் வண்டி படுத்துடுச்சு பார்!"

காலையிலிருந்து அவர் இதைச் சொல்வது ஏழாவது தடவை. பழி விழுவது மனைவியின் தம்பி தலையில்.

அப்பா காலத்து டிராக்டர். மச்சினன் இரவல் வாங்கிப் போய்ப் பாதி நிலம் உழுவதற்குள் ஆயில் பிரஷர் மீட்டரின் முள் கீழே சரிந்துவிட்டது. உடனே நிறுத்தி, கட்டி இழுத்துக்கொண்டு வந்து சேர்த்துவிட்டான். "இனிமே சாவியை அவன் கண்ணுலயே காட்ட மாட்டேன்" என்று இவர் சபதம் போட்டுவிட்டார். மழைக்கு முன்னால் மீதியை உழாவிட்டால் அவனுக்கு இந்தப் போகமே போச்சு.

மெக்கானிக் வந்ததும் இவர் ஆரம்பித்தார். டிராக்டரில் இவருக்குத் தெரிந்தது ஸ்டியரிங்கும் ஹாரனும்தான். அதனால் என்ன, வாய் இருக்கிறதே.

"ஆயில் பம்ப் போயிருக்கும். இல்லேன்னா பேரிங். கண்டபடி முறுக்கியிருப்பான்."

"இருங்க சார். மொதல்ல மீட்டரே கெட்டுப்போச்சான்னு பார்ப்போம்."

மெக்கானிக் தன்னுடைய மீட்டரை மாட்டினார். இன்ஜின் சூடேறியதும் அந்த முள்ளும் சரிந்தது. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். அளவு சரி. விரலில் தேய்த்தார், முகர்ந்தார்.

"டீசல் கலக்கலை. ஆனா தண்ணியா இருக்கு. யாரோ புதுக் காருக்கு ஊத்துற ஆயிலை ஊத்தியிருக்காங்க. இந்தக் கிழவனுக்குக் கெட்டி ஆயில்தான் சரிப்படும்."

இவர் மெல்ல ஒரு அடி பின்னால் நகர்ந்தார். போன வாரம் ஆயில் மாற்றுகிறேன் பேர்வழி என்று, காருக்கு வாங்கி வைத்திருந்த கேன்களைக் கவிழ்த்த புத்திசாலி சாட்சாத் இவரேதான்.

அப்போதுதான் வந்து நின்ற மச்சினன் தலையைச் சொறிந்தான்.

"நான்தான் மாமா ஊத்தினேன். தெரியாம பண்ணிட்டேன்."

உண்மை அவர் தொண்டை வரை வந்தது. மெக்கானிக் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு இருமல் இருமி அதை உள்ளேயே அனுப்பிவைத்தார்.

"சரி விடுப்பா. தப்பு பண்ணாத மனுஷன் உண்டா? ஆயிலை மாத்தினதும் நீயே எடுத்துட்டுப் போய் உழு."

தன் பெருந்தன்மையை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

கெட்டி ஆயில் உள்ளே போனதும் முள் நிமிர்ந்தது. மச்சினன் வண்டியோடு கிளம்பினான். மெக்கானிக்கும் போனார்.

மனைவி பக்கத்தில் வந்தாள்.

"நீங்க கேனைக் கவிழ்த்ததை ஜன்னல்ல பார்த்தேன். தம்பியும் ஆயிலைத் தொட்டதுமே கண்டுபிடிச்சுட்டான். 'நீ பழியை ஏத்துக்கோடா, மாமாவுக்கு மனசு கேக்காது, தானே உண்மையைச் சொல்லிடுவார்'னு நான்தான் சொல்லி வெச்சேன்."

அவர் தலை குனிந்தது.

"'மாமாவா? சொல்லவே மாட்டார்'னு அவன் சிரிச்சான். 'என் புருஷனைப் பத்தி உனக்கு என்னடா தெரியும்'னு அவனைத் திட்டிட்டேங்க."