பேரு யாரோடது?

"இதெல்லாம் யாரோடது?"

பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கிட்டிருந்த மகளோட பையைக் கூடத்துல கவுத்துட்டு, எங்க வீட்டுக்காரர் கேட்டார். வயசுப் பிள்ளைங்க குணம் அவங்க பையைப் பார்த்தா தெரிஞ்சிடும்னு ஏதோ பத்திரிகையில போட்டிருந்தானாம். மனுஷனுக்கு அது போதாதா?

நோட்டு, புத்தகத்தோட மூணு சாமான் விழுந்துச்சு. பின்னாடி நடிகர் படம் போட்ட கைக்கண்ணாடி. காதல் தொடர்கதையைக் கிழிச்சுச் சேர்த்துத் தைச்ச புத்தகம். அப்புறம், அரிவாள் சுத்தியல் போட்ட ஒரு சிவப்பு பேட்ஜ்.

பேட்ஜைப் பார்த்ததும் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சிடுச்சு. அறுப்புக் கூலிக்காக ஊரே ரெண்டுபட்டுக் கிடந்த சமயம் அது. கொடி பிடிக்கிறவங்கன்னாலே அவருக்கு ஆகாது.

"என்னோடது இல்லப்பா"ன்னா ஆனந்தவல்லி. "கண்ணாடி சஃபியாவோடது. கதை பிரகதாம்பாளோடது. பேட்ஜ் அம்சத்தோடது."

"அவளுங்க சாமானுக்கு உன் பையில என்ன வேலை?"

"அவங்க வீட்டுலயெல்லாம் பையைக் குடைவாங்களாம். உங்கப்பா தங்கமானவரு, தொடவே மாட்டாருன்னு எங்கிட்ட குடுத்து வெச்சிருக்காங்க."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியல. "மூணு பிள்ளைங்க நம்பிக் குடுத்திருக்குன்னா, அதுதாங்க இவ குணம்"னேன்.

"நீ சும்மா இரு. ஏம்மா, பை மேல யாரு பேரு எழுதியிருக்கு?"

"என் பேருப்பா."

"பேரு யாரோடதோ, பொருளும் அவங்களோடதுதான். அடுத்தவங்களுக்காக வெச்சிருக்கேங்கிற கதையெல்லாம் எங்கிட்ட வேணாம். இன்னையோட படிப்பு போதும். தையில மாப்பிள்ளை பார்க்கிறேன்."

பொண்ணு கண்ணு கலங்கிடுச்சு. வகுப்புலயே முதல் மார்க் வாங்குறவ. இந்த மனுஷன் ஒண்ணு சொல்லிட்டா லேசுல இறங்கி வரமாட்டார்.

வாசல்ல யாரோ செருமுற சத்தம். எங்க வயல்ல வேலை பார்க்குற நல்லக்கண்ணு, மடை திறக்கிறதைப் பத்திக் கேட்டுட்டுப் போக வந்திருந்தார். உள்ளே பேசினது முழுக்கக் காதுல விழுந்திருக்கணும்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா?"

"என்ன, சொல்லு."

"பேரு யாரோடதோ பொருளும் அவங்களோடதுதான்னு சொன்னீங்களே... அது வயலுக்கும் சேர்த்துத்தானுங்களா?"

நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, வாய்க்காலை ஒட்டின அஞ்சு ஏக்கரைப் போன வருஷம்தான் நல்லக்கண்ணு பேர்ல எழுதி வெச்சிருந்தார் இவர். பேரு மட்டும்தான் அங்கே. நெல்லெல்லாம் எங்க வீட்டுக்குத்தான் வரும்.

எங்க வீட்டுக்காரர் மெதுவா குனிஞ்சார். கண்ணாடி, கதைப் புத்தகம், பேட்ஜ் மூணையும் தன் கையாலயே எடுத்துப் பையில வெச்சார்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு பாரு. கிளம்பும்மா"ன்னார்.

அவ பையைத் தூக்கிக்கிட்டு ஒரே ஓட்டமா ஓடிட்டா.

நல்லக்கண்ணு மட்டும் பதிலுக்காக அங்கேயே நின்னுக்கிட்டிருந்தார்.